அசையாமல் கேட்ட ஆபீசர்

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அவமானம். ஒன்பது வயதில், முகத்துக்குப் பவுடர் பூசி, தீபாவளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு கம்ப்யூட்டர் பெட்டியின் முன்னால் நின்று அரசாங்கத்துக்கு வணக்கம் சொன்னவன் நான். அந்தப் பெட்டியில் கேமராவே கிடையாது. இன்றைக்கு அதே ஆளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை. பெரிய பெரிய மனிதர்களைப் போனில் கூப்பிட்டு, "சார், உங்க கேமரா ஆன் ஆகலைங்க" என்று சொல்ல வேண்டும். விதிக்கும் கொஞ்சம் குறும்பு இருக்கிறது.

வடகரப்பதியில் எங்கள் தோட்டம் எல்லைக்குக் கேரளப் பக்கம். பேச்சு முழுக்கக் கோயம்புத்தூர், காகிதம் முழுக்க மலையாளம். அந்த வருஷம் மார்கழியில், எங்கள் மூலைக்கு வந்துகொண்டிருந்த காலை ஏழே முக்கால் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஆள் ஏறுவதில்லையாம். ஏறிக்கொண்டிருந்த சிலரில் ஒருத்தி என் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. சிற்றூர் டவுன் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த பஸ் பத்து மணிக்கு. அதில் போனால் மத்தியானச் சாப்பாட்டு மணிக்குத்தான் கல்லூரி வாசலை மிதிக்கலாம்.

எங்கள் வீட்டில் முடிவு எடுப்பது பெரியப்பா. அதற்குத் தலையாட்டுவது அப்பா. இருவரும் தத்தம் வேலையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. பெரியப்பா சாப்பிட்ட கையை உதறிக்கொண்டே சொன்னார்: "தை முடியற வரைக்கும் பாக்கறது. பஸ்ஸு வரலீன்னா படிப்பை நிறுத்திப்போட்டு, பொள்ளாச்சிக்காரங்க குடுத்த ஜாதகத்தைப் பாத்தர்லாம்." அப்பா தலையாட்டினார்.

அத்தை அழவில்லை. அடுத்த சனிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் என்னைத் துணைக்கு ஏற்றிக்கொண்டு கொழிஞ்சாம்பாறைக்குப் போனாள். துணை என்றால், வழியில் எனக்கு வாந்தி வராமல் அவள் பார்த்துக்கொண்டாள். அங்கே ஒரு மாடியில் நாலு கம்ப்யூட்டர் வைத்து, ரேஷன் கார்டுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் சென்டர் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டது ஒரு மலையாளச் சேச்சி. அரசாங்கத்துக்கு இன்டர்நெட்டிலேயே புகார் எழுதலாம் என்று கல்லூரியில் யாரோ அத்தைக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதி முடித்தாள். பெட்டி ஒரு நம்பர் கொடுத்தது. அதைக் காகிதத்தில் எழுதி நாலாக மடித்து வைத்துக்கொண்டாள். அந்தக் காகிதத்தில் எனக்குத் துளியும் அக்கறை இல்லை. நான் அடுத்த பெட்டியில் விழுந்து கிடந்தேன்.

அழுகிற குழந்தைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பதுபோல, நான் தொந்தரவு செய்யாமல் இருக்கச் சேச்சி எனக்கு ஒரு காட்சியைத் திறந்து விட்டிருந்தாள். திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆபீஸ் அறை. அங்கே நடப்பதை எல்லாரும் பார்க்கட்டும் என்று அரசாங்கமே கேமரா வைத்து இன்டர்நெட்டில் விட்டிருந்தது. சத்தம் வராது. படம் மேலிருந்து கீழே மெல்ல மெல்ல இறங்கி வரும். முதலில் மின்விசிறி, பிறகு நீலத் திரைச்சீலை, பிறகு மேஜை, கடைசியில் ஒரு நாற்காலி. ஆட்கள் நடப்பதும் நம்மைப்போல அல்ல. வாசலில் இருப்பார்கள், கண் மூடித் திறந்தால் மேஜையருகே இருப்பார்கள். ஒருவர் டீ டம்ளரைத் தூக்கினார். தூக்கியபடியே நின்றுவிட்டார். நான் நூறு வரை எண்ணினேன். டம்ளர் உதட்டுக்கு வரவில்லை.

அங்கே நேரம் வேறு மாதிரி ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். வெளியே மார்கழிக் காற்று ஜன்னல் கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக் காற்று கிழக்கேயிருந்து வந்து, பனைமரங்களை உலுக்கி, மலைச்சந்துக்குள் நுழைந்து மேற்கே போகும். போன காற்று என்ன செய்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது. அது நேராகத் திருவனந்தபுரம் போய் அந்த நீலத் திரைச்சீலையை ஆட்டிக்கொண்டிருந்தது. நம் காற்று அங்கே போகிறது, அவர்கள் படம் இங்கே வருகிறது. அப்படியானால் நாமும் அவர்களுக்குத் தெரிவோம்தானே. இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அத்தை நம்பரைப் போட்டுப் பார்த்தாள். புகார் பரிசீலனையில் இருப்பதாகப் பெட்டி சொன்னது. யோசித்துக்கொண்டிருக்கிறார்களாம். அத்தையின் முகம் வாடிப்போனது. அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் தை முடிந்துவிடும். ஆனால் நான் தயாராக வந்திருந்தேன். பவுடர், சட்டை எல்லாம் அன்றைக்குத்தான். பையிலிருந்து டிராயிங் நோட்டை எடுத்து, முந்தின நாள் வரைந்த சிவப்புப் பஸ்ஸைத் திரைக்கு நேராகப் பிடித்தேன். கீழே 'காலை 7.45' என்று எழுதியிருந்தேன். திரையில் கோப்பு படித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார். தலையை ஆட்டினார். யாருக்கு ஆட்டினாரோ. எனக்கு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாரிடமும் சொன்னேன். அப்பா வழக்கம்போலத் தலையாட்டினார். பெரியப்பாவுக்குத்தான் உறைத்தது.

"உம்பட பஸ்ஸுக்கா தலையாட்டுனாங்க?"

"ஆமாங்க பெரியப்பா."

"பொடிப்பயலுக்கே தலையாட்டுனா, நாம போனா எந்திரிச்சே நிப்பாங்களாட்ட இருக்குது."

அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அங்கே யாருக்கும் நம்மைத் தெரியாது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நீங்களே வந்து சொன்னாத்தானுங்கண்ணா எடுபடும்" என்றாள். பெரியப்பா கஞ்சி போட்ட வேட்டியை எடுத்து வைக்கச் சொன்னார்.

அதற்கடுத்த சனிக்கிழமை சென்டரில் நல்ல கூட்டம். ரேஷன் கார்டுக்காக எங்கள் ஊர்க்காரர்களே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா உள்ளே வந்து, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். விஷயம் புரிந்ததும் சேச்சி பதறி, "அய்யோ, அவர்க்கு..." என்று ஆரம்பித்தாள். அத்தை கண்ணைச் சுருக்கி அவளை ஒரு பார்வை பார்த்தாள். சேச்சி வாயை மூடிக்கொண்டு பிரின்டரைத் துடைக்கப் போய்விட்டாள். அத்தைக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அன்றைக்குக் காற்று அப்படி.

படம் இறங்கி வந்தது. விசிறி, திரைச்சீலை, மேஜை. நாற்காலியில் கண்ணாடி போட்ட ஒரு ஆபீசர். பேனாவைத் தூக்கியபடி நேராக எங்களையே பார்த்தார். அந்த நிலையிலேயே உறைந்துபோனார்.

"சொல்லுங்கண்ணா, பாக்கறாரு" என்றாள் அத்தை.

பெரியப்பா மலையாளத்தில்தான் தொடங்கினார். "சார், ஞான் வடகரப்பதி..." என்பதோடு அந்தக் கையிருப்பு தீர்ந்தது. பிறகு சொந்தப் பேச்சுக்கு இறங்கினார். "எங்கூட்டுப் புள்ள ஒண்ணு சிற்றூர்ல காலேஜு படிக்குதுங்க. காலைல பஸ்ஸ நிறுத்திப்போட்டாங்க. அதுக்காவப் படிப்பை நிறுத்தற ஆளுக நாங்க இல்லீங்க. எங்கூட்டுல முதல் முதல்ல காலேஜு வாசல மிதிச்சது அந்தப் புள்ளதான். எப்படியும் முடிக்க வெச்சுருவோமுங்க. பஸ்ஸு மட்டும் நீங்க உடோணும்."

சென்டரில் தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது. ரேஷன் கார்டுக்காரர்கள் மூன்று பேரும் எழுந்து வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். ஒருவர், "அட, நம்மூருப் புள்ளயவா சொல்றாரு" என்று முணுமுணுத்தார். திரையில் ஆபீசர் பேனாவைக் கீழே வைக்கவில்லை, கண்ணைச் சிமிட்டவில்லை. பெரியப்பா பஸ்ஸிலிருந்து தண்ணீர் லாரிக்குப் போனார், அங்கிருந்து நிலக்கடலைக்குப் போனார், திரும்பவும் பஸ்ஸுக்கு வந்தார். அத்தனைக்கும் ஆபீசர் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கரண்ட் போய் எல்லாம் இருண்டது.

வெளியே வந்ததும் பெரியப்பா மூச்சு விட்டுக்கொண்டு சொன்னார்: "ஆபீசருன்னா இவருதான். எத்தனையோ ஆபீசுப் படி ஏறியிருக்கறேன். இப்படி அசையாமக் கேட்டவன் ஒருத்தனில்ல."

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வாசலில் மொபெட் உறுமியது. பெரியப்பா தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, "ஏறு புள்ள, கொழிஞ்சாம்பாறைல உட்டர்றேன். அங்கிருந்துதான் பஸ்ஸு கெடக்குதில்ல" என்றார். அப்பா தலையாட்டக்கூட மறந்து நின்றார். பெரியப்பா வண்டியை முறுக்கிக்கொண்டே அவருக்கு விளக்கம் சொன்னார்: "அரசாங்கத்துக்கிட்ட வாக்குக் குடுத்தாச்சு. ஊர்க்காரனும் மூணு பேரு கேட்டுட்டு நிக்கறான்."

தை முடிந்தது. பஸ் வரவில்லை. பொள்ளாச்சி ஜாதகம் எங்கேயோ அலமாரிக்குள் போய்விட்டது. மாசி முழுக்க மொபெட் ஓடியது. பங்குனியில் ஒரு திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கு, நான் மறந்தே போயிருந்த அந்த ஹாரன் சத்தம் கேட்டது. அதற்கு முந்தின வாரம் அத்தையின் பெயருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. மேலே அந்தப் புகார் நம்பர் அச்சடித்திருந்ததாக ஞாபகம். நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸைக் கொண்டுவந்தது என் டிராயிங் நோட்டு என்பது எனக்குத் தெரியும். பஸ் சிவப்பாக வராமல் பச்சையாக வந்ததில் மட்டும் கொஞ்சம் மனத்தாங்கல். கண்டக்டரிடம் விவரத்தைச் சொல்லி ஜன்னலோர சீட்டுக் கேட்டேன். "அப்புனு, அடுத்த தடவை ஏசி போட்டு வரஞ்சு குடு" என்றார். பெரியப்பாவோ, ஆபீசர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆபீசர் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

அத்தை இப்போது மலம்புழைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். போன வாரம் ஆபீசில் ஒரு பெரிய மனிதரின் முகம் திரையில் அப்படியே உறைந்து நின்றது. நான் சிரித்துவிட்டு ஏச்சு வாங்கினேன். சாயங்காலம் அத்தைக்குப் போன் போட்டேன். இத்தனை வருஷமாகக் கேட்கத் தோன்றாததைக் கேட்டேன்: "ஏன் அத்தை, அந்தப் பக்கம் நம்மளத் தெரியாதுன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

"உன்ர மூஞ்சி தெரிஞ்சிருந்தா பஸ்ஸு வந்திருக்குமாடா?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.