நுரை வராத இரண்டாவது தொட்டி

அந்தத் தொழிற்சாலையின் உணவகத்தில் மதியம் ஒன்றேகாலுக்கு மேல் பின்கட்டில் யார் பேசினாலும் காதில் விழாது. தொள்ளாயிரம் பேர் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பார்கள். தொள்ளாயிரம் எவர்சில்வர் தட்டுகளும் சுவரில் வெட்டிய ஜன்னல் வழியாக, முப்பது முப்பதாக அடுக்கி, பின்பக்கம் வந்து இறங்கும். அந்தச் சத்தத்தில் பத்தொன்பது வருடமாக நிற்பவர் தட்டுக்காரர்.

அதற்கு முன்னால் லாரியில் கிளீனராக இருந்தார். கல்யாணமான புதிதில், மாதத்தில் நாலு நாளாவது வீட்டில் முகம் காட்டுகிற வேலையாகப் பாருங்கள் என்று மனைவி சொன்னாள். மச்சான் கைகாட்டிவிட்ட இடம் இது. இரண்டு மாதம் பார்க்கலாம் என்று வந்தவர் அப்படியே ஒட்டிக்கொண்டார்.

வேலை மூன்று தொட்டிகளில் நடக்கும். முதல் தொட்டியில் தேய்ப்பது தட்டுக்காரர். இரண்டாவதில் அலசுவது ரேடியோ அக்கா. காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம்தான் மூடுவார் என்பதால் அந்தப் பெயர். மூன்றாவதில் வெந்நீரில் முக்கி அடுக்குவது காது சற்று மந்தமான ஒரு பெரியவர். அக்காவுக்குப் பக்கத்தில் நிற்பதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார் என்பார் தட்டுக்காரர்.

போன வருடம் தட்டுக்காரரின் கை வெடிக்க ஆரம்பித்தது. விரலை மடக்கினால் ரத்தம் கசிந்தது. களிம்பு போட்டார், எண்ணெய் தடவினார். ரப்பர் கையுறை மாட்டினால் உள்ளே வியர்த்துப் புண் இன்னும் அதிகமானது. தோல் டாக்டர் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

"அந்த சோப்புத் தண்ணிய விடுங்க. முடியலன்னா வேலைய விடுங்க."

உணவக மேனேஜருக்கும் விஷயம் போனது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ரத்தம் வருகிற கை சாப்பாட்டுத் தட்டைத் தொடக் கூடாது என்று விதி இருக்கிறது. "ஒரு மாசம் பாக்கலாம். சரியாகலன்னா வேற எடத்துல ஏதாவது இருக்கான்னு கேக்கறேன்" என்றார். வேறு இடத்தில் ஏதும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மனைவி வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறாள். ரவிக்கை தைக்க வந்த ஒருத்தி சொன்ன பக்குவத்தை முதலில் முயன்றாள். எலுமிச்சம்பழத்தை வேகவைத்து, அரைத்து, வடிகட்டி, உப்பும் வினிகரும் சேர்த்துக் கொதிக்கவிட்டாள். கருகிப்போன வாணலி அதில் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. தட்டுக்காரர் ஆசையாகக் கையை விட்டார். மறு நொடி குழாயடிக்கு ஓடினார்.

"பாத்திரத்துக்கு நல்லாத்தானே இருக்கு?" என்றாள் மனைவி.

"பாத்திரத்துக்குக் கையில புண் இல்லையே" என்றார் அவர்.

அடுத்தது பூந்திக்கொட்டை. உடைத்து விதையை எடுத்துவிட்டு, தோலை ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டார்கள். முதல் தடவை சின்னப் பாத்திரத்தில் வைத்ததில் நுரை பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. பிசைந்து துணியில் வடிகட்டியதும் பால் விடாத டீ மாதிரி ஒரு தண்ணீர் கிடைத்தது. மூன்று நாளுக்கு மேல் வைத்தால் புளித்துப்போனது. ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சினார்கள். வீட்டில் இருந்த எண்ணெய்ப் பாத்திரங்கள் எல்லாம் அதில் சுத்தமாயின. கை எரியவில்லை.

"நுரை வருது, ஆனா நிக்க மாட்டேங்குது" என்றார் தட்டுக்காரர்.

"நின்னு என்ன பண்ணப்போகுது? அழுக்கு போச்சா இல்லையா?"

தட்டில் விரலை ஓட்டிப் பார்த்தார். கீச்சென்றது. போய்விட்டிருந்தது.

மேனேஜர் கொடுத்த மாதத்தில் பத்து நாள்தான் பாக்கி. வடித்த தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப் போனார் தட்டுக்காரர். மேனேஜர் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், சம்மதித்தார். "ஆனா ஒண்ணு. தட்டு பிசுபிசுன்னு வந்தா பழைய சோப்புதான். அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

முதல் நாள் ஒன்றரை மணிவரை ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு வந்த தட்டுகளில் மெல்லிசாக ஒரு பிசுக்கு படிந்திருந்தது. இரண்டு மணிக்கு மேனேஜர் வந்து காகிதத் துண்டால் ஒரு தட்டைத் துடைத்தார். காகிதம் மஞ்சளானது.

"இது என்ன தட்டா, எண்ணெய்ச் சட்டியா? நாளைக்கும் இப்படியே வந்தா இதோட நிறுத்திக்கலாம்."

வீட்டுக்குப் போனதும் அதே பாட்டிலில் மிச்சமிருந்ததை எடுத்து ஒரு தட்டைத் தேய்த்துப் பார்த்தார். கீச்சென்றது. மனைவி துணியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "இங்க போற அழுக்கு அங்க ஏன் போகல?" என்றாள்.

மறுநாளும் ஒன்றரை மணிக்குப் பிசுக்கு வந்தது. மேனேஜர் வர அரை மணி நேரம் இருந்தது. தட்டுக்காரர் தேய்ப்பதை நிறுத்தினார். தேய்த்து முடித்த ஒரு தட்டை நேராகக் குழாயில் காட்டி விரலை ஓட்டினார். சுத்தம். அக்கா அலசி வைத்த தட்டில் ஓட்டினார். வழுக்கியது. இரண்டாவது தொட்டிக்குள் கையை விட்டு எடுத்தார். முழங்கைவரை எண்ணெய் வளையம்.

"அக்கா, இந்தத் தண்ணிய எப்ப மாத்தினீங்க?"

"காலைல ரொப்பினதுதான்."

"நேத்து?"

"நேத்தும் அப்படித்தான். நுரை விளிம்புக்கு வந்தாத்தானேப்பா அடைப்பானைப் புடுங்குவேன்? ரெண்டு நாளா நுரையே காணோம். தண்ணி நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்."

பழைய சோப்பின் நுரை தட்டோடு ஒட்டிக்கொண்டு இரண்டாவது தொட்டிக்குப் போகும். அது விளிம்பைத் தொடும்போதெல்லாம் அக்கா தண்ணீரை மாற்றுவார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, பத்தொன்பது வருடத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. பேச்சுக்குப் பஞ்சமே இல்லாத அந்தப் பின்கட்டில் விட்டுப்போனது அது ஒன்றுதான்.

"இனிமே எண்ணி மாத்துங்க. தொண்ணூறு தட்டுக்கு ஒரு தடவை."

"எண்ணிக்கிட்டே நான் எப்படிப் பேசறது?"

"பேசாம எண்ணுங்க."

"அதுக்கு நீ பழைய சோப்பையே போட்டுத் தொலை."

சிரிப்பு அடங்கியதும் தட்டுக்காரரே ஒரு வழி சொன்னார். ஓர் அடுக்கு முடிந்ததும் தொட்டி ஓரத்தில் ஒரு ஸ்பூன் வைப்பது. மூன்று ஸ்பூன் சேர்ந்தால் அடைப்பானைப் பிடுங்குவது. அக்கா உடனே தண்ணீரை இறக்கினார். பிசுக்கு வந்த தட்டுகளை மறுபடி அலசினார்கள். பெரியவருக்கு எதுவும் கேட்டிருக்காது. ஸ்பூனைப் பார்த்துப் புரிந்துகொண்டு வெந்நீரையும் மாற்றினார்.

இரண்டு மணிக்கு மேனேஜர் வந்தார். ஒரு தட்டைத் துடைத்தார். அடுக்கின் நடுவிலிருந்து இன்னொன்றை உருவித் துடைத்தார். அடியிலிருந்தும் ஒன்று. காகிதம் வெள்ளையாகவே இருந்தது. அதை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, "தொட்டி மேல என்ன ஸ்பூன்?" என்றார்.

"கணக்கு சார்" என்றார் அக்கா, நம்பவே முடியாத அளவுக்குச் சுருக்கமாக.

மூன்றாம் மாதம் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலில் மட்டும் ஒரு கோடு இருந்தது.

"பரவால்லையே. வேலைய விட்டுட்டீங்களா?"

"இல்ல சார், அதே தொட்டிதான்" என்றார் தட்டுக்காரர். கொட்டையிலிருந்து ஸ்பூன்வரை எல்லாவற்றையும் சொல்ல அவருக்கு ஆசைதான். வெளியே வரிசை நீளமாக இருந்தது. ஒரு மணிக்குள் பின்கட்டுக்குப் போயாக வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.