நாலு விரல் இடைவெளி

துணிக்கடையில் உடை போட்டுப் பார்க்கும் அறைகளுக்குப் பின்னால், அட்டைப் பெட்டிகள் அடுக்கிய நடை முடிகிற இடத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை இருந்தது. இரண்டு தையல் மெஷின், ஓர் இஸ்திரி மேசை, ஒரு டியூப் லைட். அங்கேதான் அவள் பதினெட்டு வருஷமாக ஆல்டரேஷன் வேலை பார்த்தாள். புதிதாக எதையும் தைப்பதில்லை. பிறர் தைத்ததைப் பிரித்து, தொளதொளப்பதைப் பிடித்து, இறுக்குவதை விட்டுக் கொடுப்பாள். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, “போன வருஷம் சரியாத்தான் இருந்துச்சு, துணி சுருங்கிடுச்சு” என்று வந்து நிற்பவர்களைப் பார்த்து அவள் சிரித்ததில்லை. இந்த ரகம் அப்படித்தான் சார் என்று பழியைத் துணியின் மேல் போட்டுவிட்டு வாங்கி வைத்துக்கொள்வாள். டேப்பை எடுக்காமல் கண்ணாலேயே இடுப்பளவு சொல்லிவிடுவாள் என்று கடையில் அவளுக்கு ஒரு பேர் உண்டு.

அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுநர். டிப்போவில் அவரை ‘ஸ்டியரிங்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்டியரிங்குக்கும் அவர் தொப்பைக்கும் நடுவே ஒரு டிக்கெட்கூட நுழையாது என்பதால் வந்த பெயர். அதைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்றும் சொல்வார்கள். ஒரே வருஷத்தில் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பதினொரு வயது, அவருக்குப் பதினெட்டு. படிப்பை விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறியவர், அவளை மட்டும் பள்ளிக்கூடத்திலிருந்து இறக்கவில்லை. பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. இரண்டு வருஷத்தில் அவள் பெட்டியோடு திரும்பி வந்தாள். ஏன், என்ன என்று அவர் கேட்கவில்லை. பெட்டியை வாங்கித் தூக்கிக்கொண்டு மாடி அறைக்கு ஏறினார். ராத்திரியில் குழாயில் தண்ணி வராது, காலையிலேயே பிடித்து வைத்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று முதல் அவள் மாடியில். கீழே அண்ணன், அண்ணி, அவர்களின் ஒரே மகள். அத்தை மடியில் வளர்ந்த பெண் அவள். படித்து முடித்து ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்ததும், முதல் காரியமாக வீட்டில் எல்லாரையும் எங்காவது கூட்டிப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மூன்று மணி நேரப் பயணத்தில் ஓர் ஆறு. பாறைகளுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு இறங்கும் தண்ணீரில் ரப்பர் படகில் போகலாம், கூடவே கைடு வருவார், நீச்சல் தெரிய வேண்டியதில்லை. அண்ணி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணன்தான், மழைநாளில் சுரங்கப்பாதைக்குள் பஸ்ஸை ஓட்டினவனுக்கு இதெல்லாம் ஒரு தண்ணியா என்று கேட்டு அவளைச் சரிக்கட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வருமாகப் போனார்கள்.

ஆற்றங்கரையில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே வரிசையாக ஹெல்மெட்டுகள், துடுப்புகள், ஈர வாடை அடிக்கும் லைஃப் ஜாக்கெட்டுகள். கைடுக்கு முப்பது வயதிருக்கும். வெயிலில் உதடு வெடித்த, ஒல்லியான மனிதர். அதிகம் சிரிக்காமல், வேலையில் குறியாக இருந்தார். ஒவ்வொருவருக்கும் தானே ஜாக்கெட்டை மாட்டி, பக்கவாட்டுப் பட்டைகளை இழுத்து இறுக்கி, தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். தண்ணீரில் விழுந்தால் இந்தத் தோளைப் பிடித்துத்தான் இழுத்துப் போடுவோம், அதனால் ஜாக்கெட் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், பட்டைக்குள் இரண்டு விரலுக்கு மேல் போனால் லூஸ் என்று அர்த்தம் என்று விளக்கினார். அண்ணனுக்கு இருப்பதிலேயே பெரிய ஜாக்கெட். அதை இறுக்க கைடு தன் முழங்காலை அவர் இடுப்பில் முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. “தம்பி, பார்த்து. உள்ள ஆள் இருக்கு” என்றார் அண்ணன். அண்ணிகூடச் சிரித்துவிட்டாள்.

படகைக் கரைக்கு இறக்கினார்கள். பின்னால் வந்த இரண்டாவது படகில் ஏதோ கயிறு சிக்கிக்கொண்டது; கைடு அதைப் பார்க்கப் போனார். அண்ணன் பாறை ஒன்றின்மேல் உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது. தங்கையைக் கையசைத்துக் கூப்பிட்டு, மெதுவான குரலில் சொன்னார்.

“மூச்சு முட்டுது. கொஞ்சம் விட்டுக் குடேன்.”

“அவர் டைட்டா இருக்கணும்னு சொன்னாரேண்ணா.”

“அவன் அப்படித்தான் சொல்வான். நீ அளவு தெரிஞ்சவ. உனக்குத் தெரியாததா?”

பிறகு அவள் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தாள், அந்த நிமிஷத்தில் ஒரு தயக்கமாவது வந்ததா என்று. வரவில்லை. கை தானாகப் போயிற்று. இடது பக்கம் நாலு விரல், வலது பக்கம் நாலு விரல். கொக்கியை அழுத்திப் பட்டையை விட்டுக் கொடுத்தாள். தொங்கிய நுனிகளைப் பார்க்க அசிங்கமாக இருந்ததால் மடித்து உள்ளே செருகினாள். அண்ணன் நன்றாக மூச்சு இழுத்து விட்டார். அண்ணி அப்போது மகளின் ஹெல்மெட் வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை. கைடு அவசரமாகத் திரும்பி வந்து, எல்லாருக்கும் டைட்டாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார்கள். அவளும் சொன்னாள்.

முதல் இரண்டு சரிவுகளிலும் குழந்தைகள் மாதிரி கத்தினார்கள். அண்ணன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே தள்ளி நில்லுங்க, படியில் தொங்காதீங்க என்று பஸ்ஸில் சொல்வதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாவது சரிவில் படகு பக்கவாட்டாகப் போய் ஒரு பாறையில் சாய்ந்து நின்றது. எல்லாரும் பாறைப் பக்கம் வாங்க என்று கைடு கத்தினார். மூன்று பெண்களும் தவழ்ந்து வந்துவிட்டார்கள். அண்ணனால் அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு சட்டென்று எழ முடியவில்லை. மேலிருந்து வந்த தண்ணீர் அவர் உட்கார்ந்திருந்த பக்கத்தை அமுக்கியது. அவர் சத்தமே இல்லாமல், நாற்காலியில் இருந்து சரிகிற மாதிரி சரிந்து விழுந்தார்.

விழுந்த இடத்திலேயே ஆரஞ்சு நிறம் மேலே வந்தது. கைடு பாதி உடம்பை வெளியே நீட்டி, இரண்டு கையாலும் தோள் பட்டைகளைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். ஜாக்கெட் வந்தது. உள்ளே ஆள் இல்லை.

கைடு ஒரு நொடி அதைப் பார்த்தார். பிறகு போட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்தார்.

மதியத்துக்குப் பிறகு, வெகு தூரம் கீழே, இரண்டு பாறைகளுக்கு நடுவே அண்ணனை எடுத்தார்கள். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது.

அடக்கம் முடிந்த பத்தாம் நாள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஃபைல்கள் நிறைந்த ஓர் அறை. மேசையில், காய்ந்து விறைத்துப்போன ஜாக்கெட். அதிகாரி பட்டைகளை அளந்து காட்டி, இவ்வளவு தளர்வாக மாட்டி ஒருவரை ஆற்றில் இறக்கலாமா என்று கைடிடம் கேட்டார். இறுக்கினேன் என்றார் கைடு. அப்படியானால் இது என்ன என்றார் அதிகாரி. கைடு நெடுநேரம் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இறுக்கினதாகத்தான் ஞாபகம் என்றார். தினமும் நாற்பது ஐம்பது பேருக்கு மாட்டுகிற கை அது. அதற்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். “உங்க அண்ணனுக்கு இவர் டைட் பண்ணதை நீங்க பார்த்தீங்களாம்மா?”

அண்ணி பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையின் சூடு அவளுக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

“கவனிக்கல” என்றாள்.

கைடின் லைசென்ஸை ரத்து செய்தார்கள். படகுக் கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேறு ஆளை வைத்துக்கொண்டு அடுத்த மாதமே படகை இறக்கியது.

வீடு அப்படியே நின்றுபோயிற்று. அண்ணி தினமும் காலையில் அடுப்பைப் பற்ற வைக்கும்போதே கைடைத் திட்ட ஆரம்பிப்பாள். அவன் கை விளங்காமல் போகட்டும் என்பாள். மாடிப்படியில் இறங்கி வருகிறவள் பாதிப் படியில் நின்று அதைக் கேட்பாள். தன் கையைப் பார்த்துக்கொள்வாள். அண்ணன் மகள் யாரையும் திட்டவில்லை. நான்தான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன், வேண்டாம் என்ற அம்மாவையும் மீறி நான்தான் ஏற்பாடு செய்தேன் என்பதையே விதம்விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பரிசோதனைக் கூடத்தில் யாருடைய ரத்தக் குப்பியிலோ வேறு யாருடைய பெயரையோ ஒட்டிவிட்டாள். அதோடு வேலைக்குப் போவதை நிறுத்தினாள். குளிப்பதும் குறைந்தது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குத் தலை வாரிவிடுவாள். உன் தப்பு இல்லடா கண்ணு என்பாள். யார் தப்பு என்று மட்டும் சொல்ல மாட்டாள்.

கடையில் விட்டுக் கொடுக்கச் சொல்லி யாராவது சட்டையோடு வந்தால் அவளால் முடியவில்லை. ஊசியால் முதல் தையலைப் பிரித்ததும் கை நின்றுவிடும். சூப்பர்வைசர் இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டு, பட்டன் தைக்கிற வேலைக்கு மாற்றினார். துக்கம், போகப் போகச் சரியாகிவிடும் என்று எல்லாரும் அவளுக்காக இரக்கப்பட்டார்கள். அந்த இரக்கம்தான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை அவள் வேலை விட்டு வந்தபோது, அண்ணன் மகள் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு திறக்காமல் இருந்தாள். அண்ணி கதவைத் தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்து நின்றாள். ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பெண் தானே திறந்துகொண்டு வந்தாள். ஒன்றும் செய்துகொள்ளவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன் என்றாள். வாளியில் தண்ணீர் விளிம்பு வரை நிறைந்திருந்தது.

திங்கட்கிழமை ஆல்டரேஷன்காரி கடைக்குப் போகவில்லை. விசாரணை அலுவலகத்துக்குப் போய், மாற்றிச் சொல்ல வேண்டும் என்றாள். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அரைப் பக்கம்கூட வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வந்து, கீழ் வீட்டுச் சமையலறையில் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள். எதையும் மழுப்பவில்லை. பட்டை, நாலு விரல், செருகி விட்ட நுனி, ‘கவனிக்கல’ என்று சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னாள்.

அண்ணன் மகள்தான் முதலில் பேசினாள். “நான் எட்டு மாசமா தூங்கல. பக்கத்துல உக்காந்து தலை வாரிவிட்டீங்களே. அப்ப எல்லாம் உங்களுக்குத் தெரியும் இல்ல?”

பேசப் பழகிய நாள் முதல் அத்தையை அவள் ‘நீ’ என்றுதான் கூப்பிட்டு வந்தாள். அன்றைக்கு ‘நீங்க’ வந்தது. அதற்கப்புறம் மாறவே இல்லை.

“தெரியும்” என்றாள் அத்தை.

அண்ணி எழுந்து அடுப்பை அணைத்தாள். “மேல இருக்கிறதை எடுத்துட்டுக் கிளம்பு. உன்னைத் திட்டக்கூட எனக்கு வாய் வரல.”

அவள் துணிக்கடைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி ஓர் ஒற்றை அறைக்குக் குடி போனாள். அடுத்த மாதம் அண்ணன் மகள் மறுபடி வேலைக்குப் போகிறாள் என்று, பழைய தெருவிலிருந்து கடைக்கு வந்த ஒரு பெண் சொல்லித் தெரிந்தது.

கைடைத் தேடிப் போக அவளுக்கு இன்னும் சில வாரங்கள் ஆயின. அவர் ஒரு டயர் கடையில் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது, லைசென்ஸைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள் என்றார். கோபப்படுவார், நாலு பேர் முன்னால் கேட்பார் என்று நினைத்துத்தான் அவள் போயிருந்தாள். அவர் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“எவ்வளவு விட்டீங்க?”

“ரெண்டு பக்கமும் நாலு விரல்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, அடுக்கி வைத்த டயர்மேல் உட்கார்ந்தார். “அப்ப நான் டைட் பண்ணிருக்கேன்” என்றார். அவளிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொன்னார். பிறகு, கரையில் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்திருக்க வேண்டும், கேட்டதோடு விட்டுவிட்டேன், அது என் வேலை என்றார். மறுபடி ஆற்றுக்குப் போவீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார். “கையில காலி ஜாக்கெட் வந்துச்சே. அது லெட்டர் வந்தா போயிடுமா?”

மன்னிப்புக் கேட்கத்தான் அவள் போயிருந்தாள். கேட்கவும் செய்தாள். அவர் தலையை ஆட்டினார். சரி என்கிறாரா, போ என்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் ஆள் வந்துவிட, அவர் எழுந்து போனார்.

இரண்டு வருஷம் கழித்து அண்ணி வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்ததும் அண்ணன் மகள் போனில் கூப்பிட்டாள். நலம்கூட விசாரிக்காமல், எனக்கு லீவு தர மாட்டேன் என்கிறார்கள், மூன்று வாரம் பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், வருவீர்களா என்று கேட்டாள். அவள் கடையில் லீவு போட்டுவிட்டுப் போனாள். காலையில் அண்ணன் மகள் கதவைத் திறந்துவிட்டு வேலைக்குக் கிளம்புவாள். சாயங்காலம் வந்ததும் இவள் கிளம்புவாள். நடுவில் அண்ணிக்குச் சாப்பாடு கொடுத்து, துணி மாற்றி, பிடித்துக்கொண்டு குளியலறைக்குக் கூட்டிப் போய் வருவாள். அண்ணி தன் முழுப் பாரத்தையும் அவள் தோள்மேல் போட்டுத்தான் நடந்தாள். ஆனால் மூன்று வாரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டே சாப்பிட்டாள்.

கடைசி நாள் மத்தியானம் அண்ணி கைத்தடியை ஊன்றி, தானாகவே கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் நடந்து பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“நாளையிலிருந்து வர வேண்டாம். நானே நடந்துக்கறேன்.”

“சரி அண்ணி” என்றாள் அவள். சாயங்காலம் வரை இருந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினாள்.