கை பொறுக்கிற சூடு

சலவைக் கூடத்தில் அவர் துணிக்கு இஸ்திரி போடும் தேய்ப்பாளர். கழுத்துப் பட்டி கசங்கிய எவனையும் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. மளிகைக்காரர் அவருக்கு 'மூட்டை', மாடியில் தனியாகக் குடியிருப்பவர் 'கசங்கல்'. மனைவி தினமும் வீட்டில் சுடும் ரொட்டிக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை. விரலால் அமுக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதோடு சரி.

அன்று அவளுடைய அக்காவும் சகலையும் சாப்பிட வந்திருந்தபோது அதற்கும் மேலே போனார். மாவைப் பிசைந்து அடுப்பில் வைப்பதெல்லாம் ஒரு வேலையா, மாடு மிதித்தாலும் அதே பதம் வரும் என்றார். அவள் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அக்காவோடு கிளம்பினாள்.

"நீங்களே ஒரு ரொட்டி சுட்டு எடுத்துட்டு வாங்க. அன்னைக்கே கூட வந்துடறேன்."

சிரித்தார். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தொலைபேசியில் அவளிடமே செய்முறை கேட்டார். அவளும் ஒளிக்காமல் சொன்னாள்: கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர், அதில் கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும், நுரை வந்ததும் மாவு, உப்பு, இழுத்தால் அறுந்துபோகாத வரைக்கும் பிசைய வேண்டும், ஈரத்துணி மூடி, இரண்டு மடங்காக உப்பியதும் சுட வேண்டும். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொல்கிறாளே என்று அவருக்கு எரிச்சல்.

நுரை வரவில்லை. அதற்காகக் காத்திருப்பதெல்லாம் பொம்பளைகளின் நேரப்போக்கு என்று மாவைக் கொட்டினார். உப்பவுமில்லை. சுட்டெடுத்தது செங்கல். மூட்டை பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று திட்டிவிட்டு வேறு கடையில் ஈஸ்ட் வாங்கினார். இரண்டாவது செங்கல். இம்முறை குற்றவாளி மாவு. அதையும் மாற்றி மூன்றாவதைச் சுட்டு, பளபளக்கும் காகிதத்தில் சுற்றி, மடிப்புக் கலையாத சட்டையோடு சகலை வீட்டுக்குப் போனார்.

சகலை அதை மேசையில் தட்டிப் பார்த்தார். "காத்துக்குக் கதவு அடிச்சுக்குது. முட்டுக் கொடுக்க வச்சுக்கவா?"

அவள் சிரிக்கவில்லை. அவரைச் சமையலறைக்குக் கூட்டிப் போய், தண்ணீர் சுடவைக்கச் சொன்னாள். ஆவி பறந்த பாத்திரத்துக்குள் அவர் நாலு விரலையும் விட்டு, குளத்தில் காலை நனைப்பவர் போல நிதானமாக நின்றார்.

"இதோ, பொறுக்குது."

அவள் ஒரு விரலை வைத்தாள்; வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவருடையது காலமெல்லாம் நீராவியில் காய்ந்த கை. இதைச் சூடு என்றே அது நினைக்கவில்லை.

"ஈஸ்ட்டு வெந்தே செத்துடுச்சு. உங்க கை எதையும் பொறுக்குது, வாய்தான் ஒண்ணையும் பொறுக்கறதில்ல. வேற யார் கையாவது வச்சுப் பாருங்க."

வீடு திரும்பித் தண்ணீரைச் சுடவைத்தார். அங்கே வேறு கை ஏது? பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். கசங்கல் கதவைத் திறந்தார். சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அதையே முறைத்துக்கொண்டு, "விரலை விடுங்க" என்றார் தேய்ப்பாளர். ஏன் என்றுகூடக் கேட்காமல் அந்த மனிதர் கையைக் கழுவி வந்து விரலை விட்டார். இன்னும் ஆறட்டும் என்றார். மறுபடி விட்டார். இப்போது சரி என்றார். நன்றி சொல்லும் வழக்கம் நம்மவருக்கு ஏது?

நுரை வந்தது. மாவும் உப்பியது. ரொட்டி ஒரு பக்கம் கோணலாக வெந்தாலும், ரொட்டியாகத்தான் இருந்தது. அதைச் சகலை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அவள் ஒரு துண்டு பிய்த்துத் தின்றாள். உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்:

"யார் கை?"

"அந்தக் கசங்கல்தான்."

"அவர் பேரு என்ன?"

இரண்டு வருடமாகத் தலைக்கு மேலே நடமாடுகிற மனிதர். தேய்ப்பாளருக்கு நினைவு வந்தது மாறிப் போட்ட அந்தப் பொத்தான் மட்டுமே.

அவள் செருப்பைக் கழற்றினாள்.

"கேட்டுட்டு வாங்க. நான் இங்கதான் இருக்கேன்."