தூக்கி வந்த குட்டிகள்

வனக்காப்பாளர் வேலை என்றால் காட்டுக்குள் ரோந்து சுற்றுவது என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். காரைக்குடிப் பக்கம் பாதி வேலை, ஜனங்கள் அட்டைப்பெட்டியில் கொண்டுவரும் குட்டிகளோடுதான். கால்நடை ஆஸ்பத்திரியிலோ தீயணைப்பு நிலையத்திலோ வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கொண்டுவருகிறவர் கெட்டவர் என்றால் சத்தம் போட்டு அனுப்பலாம். எல்லாரும் நல்லவர்கள், அதுதான் சங்கடம்.

பால் புட்டி

நாட்டரசன்கோட்டைக்கு அங்குட்டு ஒரு கிராமத்தில், செல்வி என்ற பெண் விறகுக்குப் போன இடத்தில் புள்ளிமான் குட்டி ஒன்று புதரடியில் தனியாகப் படுத்திருந்தது. தாய் மான் குட்டியை அப்படித்தான் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும். செல்விக்கு அது தெரியாது. வீட்டுக்குத் தூக்கிவந்து மூன்று நாள் பசும்பால் புகட்டியிருக்கிறார்.

தகவல் வந்து நான் போனபோது குட்டியின் மூச்சில் கொறகொறவென்று சத்தம். பால் நுரையீரலுக்குள் போயிருந்தது. ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். பாதி வழியில், செல்வியின் மடியிலேயே தலை சாய்ந்துவிட்டது. அவர் அழவில்லை. கையிலிருந்த புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் சொன்னார்: "எம் மகளுக்கு ஊட்டுன மாதிரிதான் மேடம் ஊட்டுனேன்."

ஏழாம் நம்பர் அறை

அதற்குப் பிறகு ஒரு முடிவு எடுத்தேன்: காயம் இல்லாத குட்டியை யார் கெஞ்சினாலும் இடம் மாற்றுவதில்லை. அடுத்த வாரமே அதற்குச் சோதனை வந்தது. கானாடுகாத்தானில் ஹோட்டலாக மாற்றிய ஒரு பெரிய வீட்டில், ஏழாம் நம்பர் அறையின் மச்சில் மரநாய் குட்டி போட்டிருந்தது. "கூண்டு கொண்டாந்தீகளா?" என்றுதான் மேனேஜர் என்னை வரவேற்றார்.

கூண்டு இல்லை, அறையைப் பூட்டுங்கள், யாரும் மச்சுக்கு ஏறக் கூடாது என்றேன். தினமும் போன் செய்தார். தினமும் அதே பதில் சொன்னேன். ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டு, தாய் ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு பின்பக்கத் தோப்புக்குப் போய்விட்டது என்றார். "சொல்லாமலே ரூமைக் காலி பண்ணிருச்சு மேடம். எங்க கெஸ்ட்டுக கூட இம்புட்டு ஒழுங்கு கிடையாது."

கருவேல மரத்துக்குப் பின்னால்

ஒக்கூர்ப் பக்கம் கருப்பையா என்ற விவசாயி, டிராக்டர் ஓட்டும்போது வரப்போரம் மான்குட்டியைக் கண்டு, காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நான் போனபோது வாசலில் ஊரே நின்றது. மனுஷ வாடை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்றார்கள். எங்கள் ரேஞ்சரும் போனில், "பேசாம மான் பூங்காவுக்கு அனுப்பிருங்கம்மா" என்றார். பொழுது சாயும்வரை எனக்கு நேரம் கொடுங்கள் சார் என்று கேட்டேன். கொடுத்தார்.

குட்டி நன்றாக இருந்தது. எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தோம். கருப்பையா தன் நாயைக் கட்டிப்போட்டு, பக்கத்துத் தோட்டத்து நாய்களையும் கட்டச் சொன்னார். வேடிக்கை பார்க்க வந்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன். கருப்பையாவும் நானும் மட்டும் தூரத்தில் ஒரு கருவேல மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தோம். மூன்று மணி ஆனது, நாலு ஆனது. குட்டி அசையவே இல்லை. தோற்றால், செல்வியின் முகத்தில் பார்த்ததைக் கருப்பையாவின் முகத்திலும் பார்க்க வேண்டிவரும்.

வெயில் தாழ்ந்ததும் எதிர்ப் புதருக்குள் காது ஒன்று ஆடியது. தாய் மான். நாலு எட்டு வைக்கும், நிற்கும், எங்கள் பக்கம் பார்க்கும். கடைசியில் குட்டியிடம் போய் முகர்ந்து, நக்கிக் கொடுத்தது. குட்டி தள்ளாடி எழுந்து மடியை முட்டியது. கருப்பையா மெதுவாகச் சொன்னார்: "நாமதான் தாய்க்காகக் காத்துக் கெடந்தோம்னு நெனச்சேன். அது, நாம எப்பப் போவோம்னு காத்துக் கெடந்துருக்கு மேடம்."

இப்படியாக, ஒன்றும் செய்யாமல் சும்மா இருங்கள் என்று ஊர் ஊராகச் சொல்வதற்கு அரசாங்கம் எனக்கு யூனிஃபார்மும் ஜீப்பும் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லாமல் வைத்திருக்கிறது.