எல்லார் ஜாடையும் உள்ளவர்

சிறைச்சாலை வாசலுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தவரை எல்லாரும் 'ஜாடை' என்றுதான் கூப்பிட்டார்கள். முகம் அப்படி. ஒருமுறை பார்த்தவர் மறந்துவிடுவார். மறுமுறை பார்த்தால் தன் மைத்துனனை நினைத்துக்கொள்வார். போலீசுக்கு அந்த முகம் பெரிய வசதி. பிடிபட்டவனைச் சாட்சி அடையாளம் காட்ட வேண்டுமானால், அவன் மாதிரியே உள்ள ஆட்களோடு அவனை வரிசையில் நிறுத்த வேண்டும் என்பது விதி. யாரைப் பிடித்தாலும் ஜாடை பொருந்தினார்.

"போலீஸ் கூப்பிட்டா பஞ்சரைப் பாதியில போட்டுட்டு ஓடுற. எங்கப்பா கூப்பிட்டா மட்டும் கால் வலி" என்பாள் மனைவி.

"ஓடலைன்னா, ஏன் ஓடலைன்னு கேப்பான்டி."

ஜாடை லேசில் யாரையும் நம்பமாட்டார். பஞ்சர் என்று வந்தவனிடம், "நீயே குத்திக்கிட்டு வந்தியா?" என்று கேட்கிற ஆள். பிடிபட்டவர்களை அதைவிட நம்பவில்லை. சும்மாவா பிடிப்பான் என்பது அவர் கட்சி.

அன்றைக்குப் பிடிபட்டவன் ஒரு பெயின்டர். ஓர் ஆசிரியையின் சங்கிலியைப் பறித்தான் என்று வழக்கு. சங்கிலி கிடைக்கவில்லை; வேறு ஆதாரமும் இல்லை. அந்த அம்மாள் விரல் நீட்டினால் அவனுக்குச் சிறை, நீட்டாவிட்டால் வீடு.

"செருப்பைக் கழட்டாதீங்கப்பா. உள்ள தரையெல்லாம் சகதி" என்றார் சிறை வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர், வரிசையில் நிற்க வந்தவர்களிடம்.

ஜாடைக்கு உறுத்தியது. இத்தனை வருடத்தில் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்காத மனிதர், இன்றைக்கு என் உள்ளங்காலுக்காக ஏன் உருகுகிறார்?

விதிப்படி போலீஸ் வெளியே நின்றுவிட்டது. உள்ளே மாஜிஸ்திரேட் அம்மாவும் சிறை எழுத்தரும் மட்டும். சிமெண்ட் தரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சகதி எங்கே? பெயின்டரைக் கொண்டுவந்தார்கள்.

"உனக்கு எந்த இடம் வேணுமோ அங்க நின்னுக்கோ" என்றார் மாஜிஸ்திரேட்.

அவன் ஜாடைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். நகக்கண்ணில் வெள்ளைப் பெயின்ட். திருட்டு முழிதான் என்று ஜாடை நினைத்தார். பிறகு கீழே பார்த்தார். வரிசையில் அவன் ஒருவனுக்கு மட்டும் வெறுங்கால்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"என்ன?"

"நாங்க எல்லாம் செருப்போட நிக்கிறோம். இவன் மட்டும் வெறுங்கால். ஒரு சைக்கிளுக்கு மட்டும் மாலை போட்டு நிறுத்திட்டு, எதுன்னு கண்டுபிடின்னு சொன்ன மாதிரி இருக்கு."

மாஜிஸ்திரேட்டின் முகம் சிவந்தது. யார்மேல் கோபம் என்று தெரியவில்லை. "எல்லாரும் கழட்டுங்க. மேசைக்குப் பின்னாடி வைங்க."

ஆசிரியை உள்ளே வந்தார். எந்த முகத்தையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கால்களையே பார்த்துக்கொண்டு போனார்; திரும்பி வந்தார். வெறுங்காலனைக் காட்டும்படி யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சட்டப் புத்தகத்தில் பத்தி பத்தியாக எழுதிவைத்த நியாயத்தைக் கவிழ்க்க அவ்வளவு போதும்.

பிறகுதான் அவர் தலை நிமிர்ந்தது. கண்ணில் தவிப்பு. விரல் அலைந்து அலைந்து, கடைசியில் ஜாடையின் தோளைத் தொட்டது.

"இவன்தான்."

மாஜிஸ்திரேட் அதை அப்படியே எழுதிக்கொண்டார். தப்பித்துவிட்டோம் என்று புரிந்ததும் பெயின்டர் தரையில் உட்கார்ந்து அழுதான்.

வாசலில் இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். "செருப்பு யோசனை உன்னோடதாமே?"

"ஆமா சார்."

"கெட்டிக்காரன்தான். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் சங்கிலி போச்சு. அப்ப நீ எங்க இருந்த?"

ஜாடை சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னார்.

"சும்மாவா பிடிப்பான்னு சொல்லுவியே?" என்றவள், அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "கடையிலதானே இருந்த? நான் வந்து சொல்றேன்."

"பொண்டாட்டி சொன்னா நம்புவானா?"

"ஊரே வந்து போற கடை. யாராவது பாத்திருப்பாங்க."

"பாத்திருப்பாங்க" என்றார் ஜாடை. "இந்த மூஞ்சிய எவன் ஞாபகம் வெச்சிருக்கப் போறான்?"