கருநீலத்தின் மேல் ஜிகினா

நகத்தில் முதல் பூச்சு காய்கிற வரை எங்கள் வீட்டில் எந்த வேலையும் அவள் பக்கம் போகக்கூடாது. பத்து விரல்களையும் விரித்து மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குக்கர் கத்தும். வாசல் மணி அடிக்கும். அவள் கணவர், அதாவது என் கொழுந்தன், சட்டையைத் தேடிக்கொண்டு இரண்டு அறைக்கும் அலைவார். "அக்கா, கொஞ்சம் என்னன்னு பாருங்களேன். என் கை ஈரமா இருக்கு." கைதான் ஈரம், வாய்க்கு என்ன வந்தது? அது பாட்டுக்கு ஓடும். அலுங்காமல் குலுங்காமல் ஒரு வீட்டையே வேலை வாங்குவது எப்படி என்று என் ஓர்ப்படியிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் அவளுக்கு ஜிகினா என்று பெயர். வைத்த புண்ணியவதி நான்தான். குத்தலாகத்தான் வைத்தேன். அவளோ பட்டம் கிடைத்த மாதிரி சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்.

குளிர் தொடங்கிவிட்டால் இளஞ்சிவப்புக் குப்பிகளெல்லாம் டப்பாவுக்குள் போய்விடும். கருநீலம் வெளியே வரும். அதில் மெல்லியதாக இரண்டு பூச்சு. அது நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளி ஜிகினா. நுனியில் அடர்த்தியாக, அடிநகத்துக்கு வர வர ஒன்றிரண்டு பொட்டாக. "இழுக்கக்கூடாதுக்கா, ஒத்தணும். இழுத்தா அடியில இருக்கிறது புரண்டு வந்துடும்." நான் கேட்கவே மாட்டேன்; அவளாகவே சொல்வாள். கடைசியில் நிறமில்லாத பூச்சு ஒன்று, சொரசொரப்பு போக. "பனி கொட்டுற ராத்திரி மாதிரி இல்ல?" என்று கையை என் மூக்கருகே நீட்டுவாள். எனக்கு அடிப்பிடித்த பால் பாத்திரத்தில் உப்பு சிந்தியது போலத்தான் தெரியும். அதையும் சொல்வேன். "உங்களுக்கு ரசனை இல்லக்கா, பாவம்" என்று பரிதாபப்படுவாள்.

அவளுக்குப் பேருந்து முன்பதிவு கவுண்ட்டரில் வேலை. முன்னால் இருக்கும் கண்ணாடி என்றைக்குத் துடைத்ததோ, உள்ளே இருப்பவள் கிழவியா குமரியா என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாது. கீழே உள்ள அரைவட்ட ஓட்டை வழியாக அவள் கை மட்டும் வெளியே வரும், போகும். "என் மூஞ்சியை எவன் பார்க்கிறான்? அவங்களுக்கு நான்னா என் கைதான்" என்பாள். தத்துவம்! சமையலறையில் பத்துப் பாத்திரம் தேய்க்கும் என் கையை யார் பார்க்கிறார்கள் என்று மட்டும் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

இந்தக் குளிரில் அவள் வயிற்றில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. எடுத்துப் பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும் என்றார் மருத்துவர். மருத்துவமனைக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் மற்றவர்கள் பையில் மாற்றுத்துணி எடுத்து வைப்பார்கள். இவள் மேசையில் குப்பிகளோடு உட்கார்ந்துவிட்டாள்.

"ஆபரேஷனுக்குப் போறியா, கல்யாணத்துக்குப் போறியா?"

"மயக்கத்துல வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடப்பேன். கையாவது பார்க்கிற மாதிரி இருக்கட்டும்கா."

மறுநாள் நர்ஸ் அந்தக் கையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. விரலில் கிளிப் மாட்ட வேண்டுமாம். நகத்தில் அடர்ந்த நிறம் இருந்தால் ஆக்சிஜன் அளவு சரியாகத் தெரியாதாம். ஜிகினா பேரம் பேசினாள். "கால் விரல்ல மாட்டுங்களேன்." நர்ஸ் போர்வையை விலக்கினாள். அங்கேயும் கருநீலம், அங்கேயும் பனி! "ஆள்காட்டி விரல் ஒண்ணையாவது சுத்தம் பண்ணி வைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அவளுடைய வலது கையில் ஊசி குத்தியிருந்தது. கொழுந்தன் மருந்து வாங்கப் போயிருந்தார். ஆக, அந்தப் பாக்கியம் எனக்கு. பாலிஷ் அழிக்கும் குப்பி அவள் பையில் தயாராக இருந்தது; பல் துலக்கும் பிரஷ்தான் இல்லை. பஞ்சை நனைத்து நகத்தைத் தேய்த்தேன். ஒரு பொட்டுகூட நகரவில்லை.

"தேய்க்காதீங்கக்கா. ஜிகினா அப்படியெல்லாம் வராது. பஞ்சை வச்சு அழுத்திப் பிடிச்சுக்கணும், ஊறுற வரைக்கும்."

பிடித்துக்கொண்டேன். ஒரே கூரையின் கீழ் இத்தனை காலம் இருந்தும் அவள் கையை நான் அதுவரை தொட்டதில்லை. விரல் சில்லிட்டிருந்தது.

"அக்கா, கெட்டதா இருந்துட்டா?"

"உன் வாய்க்குப் பயந்து எந்த வியாதியும் உன்கிட்ட தங்காது. பேசாம படு."

சிரிக்க முயன்றாள். பஞ்சை அழுத்தி இழுத்ததும் வெள்ளியும் நீலமும் சேர்ந்து வந்தன. உள்ளே இருந்த நகம் மஞ்சள் பூத்து, வரிவரியாக, யாருடையதோ போல இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நர்ஸ் வந்து கிளிப்பை மாட்டினாள். எண் தெரிந்தது. "போதும், மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் குப்பியை மூடிவிட்டு எழுந்தேன். ஜிகினா சுவரைப் பார்த்தபடியே இன்னும் அழிக்காத தன் கட்டைவிரலை, பஞ்சு வைக்கத் தோதாக, என் பக்கம் நீட்டினாள்.