மெஹருன்னிசாவின் வலது தோள்

மட்டாஞ்சேரியின் தமிழ் பேசும் முஸ்லிம் வீடுகளில் ஒரு பெண் இறந்துபோனால், மய்யத்தைக் குளிப்பாட்ட மெஹருன்னிசாவைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். மற்ற நாட்களில் சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலை. வயது ஐம்பத்து நான்கு. சர்க்கரைக்கு மாத்திரை உண்டு, நினைவு வந்தால் போடுவாள்.

நோன்புப் பெருநாள் கழிந்த வாரம் அவளுக்கு வலது தோளில் வலி தொடங்கியது. கனத்த உடலைப் புரட்டியதில் பிடித்துக்கொண்டது என்று நினைத்தாள். எண்ணெய் தேய்த்தாள். அசைத்தால்தானே வலிக்கிறது என்று கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். நாலு மாதத்தில் வலி கொஞ்சம் தணிந்தது. கைதான் மேலே வர மறுத்தது. தலைமுடியை அள்ளி முடிய முடியவில்லை. தொழ நின்றால், தக்பீர் சொல்லிக் கைகளை உயர்த்தும்போது இடது கை மட்டும் எழும்பியது. யாரிடமும் சொல்லவில்லை.

அப்போதுதான் பக்கத்துத் தெரு ஃபிதாவின் மாமியார் காலமானார். ஃபிதா தண்ணீர் ஊற்ற, மெஹருன்னிசா முதுகுக்கடியில் கைகொடுத்து உடலைத் தூக்கினாள். பாதியில் தோள் நின்றுவிட்டது. உடல் நழுவி, தலை பலகையில் இடித்தது. சின்னச் சத்தம்தான். ஃபிதா நிமிர்ந்து பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம், “ஹாதியா, இனி மய்யத்துக்கு என்னெ விளிக்க வேண்டாம்னு சொல்லிடு” என்றாள்.

“கையைத் தூக்குங்க உம்மா, பார்க்கலாம்.”

தோள் உயரம்கூட வரவில்லை. மறுநாளே ஹாதியா அவளைப் படகில் எர்ணாகுளத்துக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் கையைத் தாமே பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அப்போதும் மேலே வரவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு சரியாக இருந்தது. இரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தது. மூட்டில் ஓர் ஊசி போட்டு, சர்க்கரை மாத்திரையை மாற்றி எழுதி, பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அங்கே பயிற்சி கொடுக்கும் சுதீரிடம் அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள். “மய்யத்து தொட்டதாலதான் கை விறைச்சுன்னு ஆளுங்க பறையறாங்க சாரே. அப்படியா?”

“இல்ல இத்தா. மூட்டைச் சுத்தி ஒரு உறை உண்டு. அது வீங்கி, தடிச்சு, சுருங்கிப் போச்சு. சர்க்கரை உள்ளவங்களுக்கு இது கூடுதலா வரும். வேதனைன்னு கையைக் கட்டி வச்சா இன்னும் இறுகும்.”

“திரும்ப வருமா?”

“மெல்ல வரும். ஒரு வருஷம், சிலருக்கு ரெண்டு, அதுக்கும் மேல ஆகும். யாரும் பிடிச்சு இழுக்க விடாதீங்க.”

குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரல்களை ஏணிப்படி போல மேலே நகர்த்துவது. காலையும் மாலையும் செய்தாள். எட்டிய உயரத்தை ஹாதியா சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்தாள். ஆறு வாரம் கோடு அதே இடத்தில் நின்றது. அந்த நாட்களில் மெஹருன்னிசா சுவரைப் பார்த்து அழுதிருக்கிறாள். பயிற்சியை மட்டும் விடவில்லை.

பயிற்சி தொடங்கிய பதினான்காம் மாதம் ஒரு முற்பகலில் ஃபிதா வாசலில் வந்து நின்றாள்.

“என்னைப் பெத்த உம்மா போயிட்டாங்க. நீங்க வரணும் இத்தா.”

“அன்னிக்கு என் கையில நடந்தது நீ கண்டதுதானே. வேற ஆளை விளி.”

“கண்டேன். செம்பைப் போட்டுட்டு நானும் பிடிச்சிருக்கணும். இன்னிக்கு ரெண்டு பேருமா தூக்கலாம்.”

மெஹருன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவளோடு நடந்தாள். அந்தத் தாயை இருவரும் இரு பக்கமும் கைகொடுத்து உயர்த்தினார்கள். வலது தோள் இழுத்தது, ஆனால் தாங்கியது.

இப்போது கை தலைக்கு மேலே போகிறது. முதுகுப்புறம் மட்டும் முழுக்க எட்டுவதில்லை. மய்யத்துக்குத் தனியாக அவள் போவதில்லை, ஃபிதாவும் கூடப் போகிறாள். போன மாதம் இடது தோளில் லேசாக ஒரு வலி தெரிந்தது. எண்ணெய்க் குப்பியைத் தேடாமல், அந்த வாரமே படகேறிவிட்டாள்.